தமிழை எடுத்துவிடலாம் என்று சொன்னது நான்தான்

ஜூன் பதினான்கு, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கம்பெனி இணையதளத்தில் இப்போது இருக்கிற மொழிகள் பத்து. மார்ச் வரை பதினொன்று. போன அந்த ஒன்று தமிழ். அதை எடுக்கச் சொன்னது நான்.

மகனே, ஒரு கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். நலம் விசாரிக்க வேண்டும், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வராது. கெட்டதை முதலில் மேசைமேல் வைத்துவிட்டால்தான் மீதியை எழுத எனக்குத் தைரியம் வரும். உனக்கு இப்போது ஆறு வயது. நீயும் அம்மாவும் கோயம்புத்தூர் போய் மூன்றாவது வாரம் நடக்கிறது. உனக்கு என் வயது, அதாவது முப்பத்திரண்டு, ஆகும்போது நீ படிப்பதற்காக இதை எழுதுகிறேன். அதற்குள் அம்மா உனக்குத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் எழுதுவது என் பக்கத்து நியாயம் இல்லை. அப்படி ஒன்று இருந்தால் இந்நேரம் கப்பல் டிக்கெட் எடுத்திருப்பேன்.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் நீ 'கம்ப்யூட்டர்' என்று சொல்வாய். இனி அது போதாது. சின்னப் படகுகளுக்கு புரொப்பல்லரும் எஞ்சின் உதிரி பாகங்களும் செய்கிற ஒரு புனே கம்பெனி. எந்த நாடுகளில் விற்கலாம், அந்த நாட்டுக்காரர்களுக்குத் தளத்தை எந்த மொழியில் காட்டலாம் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை. மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகுதான் ஜங்லிகாட்டில் நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதைச் செய்ய முடிந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு படத்தை அனுப்பச் சொல்லிவிட்டு, போய் டீ குடித்து, திரும்பி வந்து பார்த்தால் பாதி போயிருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு கேள்வி வைத்திருந்தேன். அங்கே சின்னப் படகு நிறைய இருக்கிறதா. நம் பெட்டி உடையாமல் போய்ச் சேருமா. பணம் கட்ட வழி உண்டா. அந்த ஆட்கள் வேறொரு மொழியில் சமாளித்துக்கொள்வார்களா. கடைசிக் கேள்வி என் சொந்தச் சரக்கு. இன்னொரு மொழியில் சமாளிப்பான் என்றால் அவனுக்காக மொழிபெயர்ப்புக்குச் செலவு வேண்டாம், அவ்வளவுதான். மீட்டிங்கில் அதைக் கேட்டு, 'ரொம்பத் தெளிவு' என்றார் மேலாளர். நானும் அதைத் தெளிவு என்றே நம்பினேன்.

உன்னைப் பள்ளியில் சேர்த்தபோதும் அதே கேள்விதான். தமிழ் வகுப்பு இருக்கிற பள்ளியில் போடலாம் என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை. 'இந்த ஊர்ல கடைக்காரன்லேர்ந்து டாக்டர் வரைக்கும் ஹிந்தி. ஸ்கூல்ல இங்கிலீஷ். ரெண்டுலயும் சமாளிச்சுக்குவான்' என்றேன். 'சமாளிக்கிறதுக்கா பிள்ளை பெத்தோம்?' என்றாள். நான் சிரித்தேன். அதனால்தான் நீ தமிழில் கேட்டதற்கெல்லாம் ஹிந்தியில் பதில் சொல்கிற பிள்ளை ஆனாய். சாப்பிட வாடா என்றால், வருகிறேன் என்பதற்கு 'ஆ ரஹா ஹூம்' என்பாய். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சரியாகச் சொன்னால் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அம்மாதான் அந்தத் தளத்தின் தமிழை எழுதினாள். நான் பிடித்துக் கொடுத்த வேலை இல்லை அது. கம்பெனி வைத்த பரீட்சையை எழுதி அவளே வாங்கியது. அகராதியில் இருக்கிற சொல்லைப் போடாமல் படகில் இருக்கிறவன் சொல்கிற சொல்லைப் போட்டாள். தமிழில் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அவள் பொறுப்பு. வந்ததெல்லாம் தளத்தைத் திறக்காமல், எங்கள் எண்ணைக் கேள்விப்பட்டு நேரே அனுப்பிய குரல் செய்தி. இராமேஸ்வரத்திலிருந்து, மன்னாரிலிருந்து, மலேசியாவில் எங்கோ ஓர் ஆற்றங்கரையிலிருந்து. 'தங்கச்சி, உங்கட சாமான் எங்கட எஞ்சினுக்குப் பொருந்துமோ?' என்று மன்னார்ப் பெரியவர் ஒருவர் கேட்பார். பின்னால் அலைச் சத்தம். நீ அவள் மடியில் உட்கார்ந்து அந்தக் குரல்களைக் கேட்பாய். அந்தப் பெரியவர் மாதிரியே 'பொருந்துமோ, பொருந்துமோ' என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய் ஒரு வாரம். தமிழில் நீயாக எடுத்துக்கொண்ட முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

உன் தாய்வழி ஆட்கள் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவுக்காரர்கள். அதற்கும் முன்னால் இலங்கையில் தேயிலைத் தோட்டம். 'நீங்கள் இந்தியாக்காரர்கள், போங்கள்' என்று அனுப்பிவைக்கப்பட்டு, அவர்கள் பார்த்தே இராத இந்தியாவின் ஒரு மூலைத் தீவில் ரப்பர் பால் வெட்ட வந்து இறங்கியவர்கள். என் அட்டவணையில் இலங்கைக்கு நேராக 'சிங்களம்' என்று ஒரே ஒரு மொழியைப் போட்டிருந்தேன். அம்மா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். 'இன்ஜினியர் சார், ஒரு நாட்டுக்கு ஒரு மொழின்னு நினைச்சவங்களாலதான் எங்க ஆளுங்க இந்தத் தீவுக்கு வந்தாங்க. நீங்களுமா?' என்றாள். மொழிகளைக் கொடி போட்டுக் காட்டலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தேன், அதையும் பார்த்தாள். 'தமிழுக்கு எந்தக் கொடி போடப் போறீங்க?' கொடிகளை எடுத்துவிட்டேன். கேள்வியை மறந்துவிட்டேன்.

எடுத்துவிட்ட பிறகு என்ன வைத்தேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, கவனமாகப் படி. ஆளைக் கேட்காமலே தளம் தானாக மொழியைத் தீர்மானிக்கும்படி செய்தேன். ஒருவர் தளத்தைத் திறந்ததும் அவருடைய இணைப்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்க்கும். தமிழ்நாடு என்றால் தமிழ்ப் பக்கம். கல்கத்தா என்றால் வங்காளம். வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளப் பக்கத்தின் அடியில் ஒரு சின்ன உலக உருண்டைப் படம், அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். முதல் வெள்ளோட்டத்துக்கு எந்த ஊர் என்று புனேயில் யோசித்தபோது நான் முந்திக்கொண்டேன். 'எங்க தீவு சார். படகு ஜெட்டி முழுக்க எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க' என்றேன். புரொப்பல்லர் பெட்டிகள் வந்தன. பெட்டி மேல் ஒட்டிய QR சதுரத்தை ஃபோனில் காட்டினால் தளம் திறக்கும். நானே ஜெட்டியில் படகு படகாகப் போய், 'ஒரு தடவ திறந்து பாருங்க தாதா' என்று அண்ணன்மாரிடமெல்லாம் கெஞ்சினேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா?

அதே மாதம் நடந்த இன்னொன்றும் உனக்கு ஞாபகம் இருக்கலாம். என் லேப்டாப்பின் மூலையில் 'சென்னை, கன மழை' என்று வந்தது. உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, ஆனால் மேகமும் துளியும் போட்ட படம் புரியும். ஜன்னலுக்கு ஓடினாய். வெளியே சுள்ளென்று வெயில். திரும்பி வந்து என்னைத் திட்டினாய்: 'அப்பா, பாரிஷ் நஹீ ஹை! ஜூட்!' மழை இல்லை, பொய் என்று. நான் உன்னிடம், 'நம்ம கேபிள் சென்னையில போய் ஏறுதுடா. அதனால இந்தப் பொட்டி நாம சென்னையில இருக்கோம்னு நினைக்குது' என்று விளக்கினேன். நீ லேப்டாப்பைப் பார்த்து 'பாகல்' என்றாய். பைத்தியம். இரண்டு பேரும் சிரித்தோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கத் தெரிந்த விஷயத்தை என் வேலையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சிரித்து முடித்ததும் அட்டவணைக்குத் திரும்பிவிட்டேன்.

அட்டவணையில் தமிழ் சிவப்பாக இருந்தது. தமிழ்ப் பக்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வந்த வேகத்தில் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் என்ற இடத்தில் எல்லோருக்கும் சென்னை. சென்னைக்காரனுக்கே தமிழ் வேண்டாம் என்றால் வேறு யாருக்கு வேண்டும்? அம்மாவிடம் காட்டினேன். 'எனக்கு வர்ற குரல் செய்தியெல்லாம் யாரு அனுப்புறா அப்போ?' என்றாள். குரல் செய்தி அட்டவணையில் வராது என்றேன். 'உணர்ச்சிவசப்பட்டுப் பேசாத, எண்ணைக் காட்டு' என்றும் சொன்னேன். அவள், 'உங்க எண்ணுக்குக் கண்ணுதான் இருக்கு, காது இல்லை' என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் மீட்டிங். நம் வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது பிளைவுட் பலகை, உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் அவள் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நான் ஆங்கிலத்தில், நல்ல உச்சரிப்பில் சொன்னேன்: தமிழை எடுத்துவிடலாம், எல்லா நாட்டிலும், அவர்கள் ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்வார்கள். உனக்கு ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியின் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், அதனால் போடவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

தமிழ் போனதும் அவளுடைய வேலை தானாகப் போயிற்று. இந்தத் தீவில் தமிழ் எழுதி மாதச் சம்பளம் வாங்க வேறு இடம் இருந்தால் சொல். இரண்டு மாதம் தேடினாள். ஃபெரார்கஞ்சில் ஒரு பள்ளியில் கேட்டாள், கார் நிக்கோபாரில்கூட விசாரித்தாள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குக் கொடுக்கிற குறிப்புகளைத் தமிழில் எழுதுகிற வேலை கிடைத்தது. 'வா' என்று என்னைக் கூப்பிட்டாள். நான், 'எனக்கு இங்க வேலை இருக்கு' என்றேன். என் வேலையை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்பது அவளுக்கும் தெரியும். நான் தோற்றதாக ஆகிவிடும் என்பதற்காக நகரவில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஹட்டோ துறைமுகத்தில் கப்பல் ஏறுமுன் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

'உதர் ஸப் தமிழ் போல்தே ஹைம்?'

அங்கே எல்லாரும் தமிழா என்கிறாய். 'ஆமாடா.'

'டீச்சர் பீ?'

'டீச்சரும்.'

'போலீஸ் பீ?'

'போலீஸும்.'

கொஞ்சம் யோசித்தாய். 'குத்தா பீ?'

நாயும்தான் என்றேன். உனக்கு அது பெரிய செய்தி. அம்மாவிடம் ஓடிப்போய் சொன்னாய். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. உலகத்தில் தமிழ் பேசுகிற போலீஸ் உண்டு என்று ஆறு வயதுவரை தெரியாத ஒரு தமிழ்ப் பிள்ளையை வளர்த்தவன் நான். அன்றைக்கே அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

போன புதன்கிழமை ஜெட்டிக்கு மீன் வாங்கப் போனேன். பிஸ்வாஸ் தாதாவை உனக்குத் தெரியும், உனக்கு நண்டு கொடுத்துக் கையைக் கடிக்க வைத்தாரே, அவர்தான். வலையை உதறிக்கொண்டே ஆரம்பித்தார். 'க்யா இன்ஜினியர், பீவி கோ மெயின்லேண்ட் பகா தியா?' பெண்டாட்டியை மெயின்லேண்டுக்குத் துரத்திவிட்டாயா என்று எல்லார் முன்னாலும். நான் பேச்சை மாற்ற, புரொப்பல்லர் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். பிரமாதம் என்றார். அப்படியென்றால் ஏன் யாரும் தளத்தில் மறுபடி வாங்கவில்லை என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

'தேரா வெப்சைட்? கோலா தா மைனே. பூரா மதராசி மே! மைனே சோசா கிஸீ கா ஷாதி கா கார்ட் ஹை. பந்த் கர் தியா.'

திறந்தாராம். பூரா மதராசி எழுத்தாம். யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து மூடிவிட்டாராம். பக்கத்துப் படகிலிருந்த தெலுங்குக்காரர் அப்பாராவ், 'எனக்கும் அதே கல்யாணம்தான். சாப்பாடு போடுவியா?' என்றார். ஜெட்டியே சிரித்தது. வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், ராஞ்சிக்காரர்கள், எல்லாருக்கும் என் தளம் தமிழைக் காட்டியிருக்கிறது. கேபிள் சென்னையில் ஏறுவதால் அவர்கள் எல்லோரும் அதற்குச் சென்னைக்காரர்கள். தமிழ் தெரியாத மனிதர்களுக்குத் தமிழைக் காட்டி, அவர்கள் மூடியதை எண்ணி, தமிழர்களுக்குத் தமிழ் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அப்போது நாங்கள் கடையே திறந்திருக்கவில்லை, உண்மையான சென்னைக்காரர் நாலு பேர் வந்திருந்தால் அதிகம். மீனை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். லேப்டாப் மூலையில் பார்த்தேன். சென்னை, மேகமூட்டம். நீ சொன்னதுதான் சரி. பாகல். ஆனால் லேப்டாப் இல்லை.

வியாழக்கிழமை மேலாளரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். 'நல்லா கண்டுபிடிச்சே. அப்படின்னா தமிழை மெஷின் மொழிபெயர்ப்புல ஓட்டிப் போட்டுடு. ஆள் வேண்டாம்' என்றார். பதில் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு மொழியில் தளம் போடுவது, கடையைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே யாரையும் நிறுத்தாத மாதிரி. கேள்வி கேட்கிறவனுக்கு என்ன செய்வது என்றேன். 'சமாளிச்சுக்குவாங்க' என்றார். என் சொந்தச் சரக்கு என்றேனே, அது இப்போது கம்பெனியின் சொத்து. நான் போனாலும் அது இருக்கும்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு எழுதினேன். கேபிள், சென்னை, பிஸ்வாஸ், எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கி, நீ சொன்னதுதான் சரி என்று முடித்தேன். ராத்திரி குரல் செய்தியாகப் பதில் வந்தது. கோபம் இல்லை, களைப்பு. 'கண்டுபிடிச்சதுல சந்தோஷம். நான் மாசக்கணக்கா சொன்னேன், அது உணர்ச்சி. பிஸ்வாஸ் தாதா ஒரு தடவ கிண்டல் பண்ணினாரு, அது ஆதாரம். அப்படித்தானே?' அவ்வளவுதான். பின்னால் நீ யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய். தமிழில். சரளமாக இல்லை, ஆனால் தமிழில். அந்த எட்டு விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன்னிடம் யாரோ ஏதோ கேட்க, 'இல்ல, எங்கப்பா ஊர்ல இருக்காங்க' என்றாய். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் அப்பன் என்றால் இரண்டு சொல்ல வேண்டுமாம். ஒரு நாட்டையும் ஒரு மொழியையும் ஒன்றாகக் கட்டாதே. இரண்டும் வேறு வேறு, ஒன்றை ஒன்று தாண்டி வழியும். ஒருவனிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்று அவன் நிற்கிற இடத்தை வைத்து முடிவு செய்யாதே, கேள். ஒருவன் சமாளிக்கிறான் என்றால் அவனுக்குப் போதும் என்று அர்த்தம் இல்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான் என்று அர்த்தம். எண் வந்தால் அது எந்தக் கரையில் ஏறி வந்தது என்று பார். இதெல்லாம் சரியான வாக்கியங்கள். சரியான வாக்கியம் எழுதுவதில் எனக்குக் குறை இருந்ததே இல்லை. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பேச்சைக் கேட்பதில்தான் குறை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் இருவரும் திரும்பி வந்திருந்து, நீ பழைய பள்ளியிலேயே படித்திருந்தால், இந்தக் கடிதத்தை உன்னால் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க முடியாது. படிக்க முடிகிறது என்றால், அம்மா உனக்கு அங்கே தமிழ் படிக்க வைத்துவிட்டாள், நீங்கள் வரவில்லை. நான் ஆசைப்படுகிறபடி நடந்தால் என் எழுத்து உனக்குப் புரியாது. என் எழுத்து உனக்குப் புரிந்தால் நான் ஆசைப்பட்டது நடக்கவில்லை. இரண்டில் எது நல்லது என்று அட்டவணை போட உட்கார்ந்தேன். முதல் முறையாக மூடி வைத்துவிட்டேன்.

இனி நான் செய்யப் போவது:

1. நாளை காலை, தமிழை எடுக்கச் சொன்னது என் பிழை, தமிழ் படிக்கிறவர்கள் பிழை இல்லை என்று என் பெயர் போட்டுக் கம்பெனிக்கு எழுதுவேன். வேலை போனால் போகட்டும்.

2. தளம் தானாக மொழியைத் தீர்மானிப்பதை நிறுத்துவேன். மொழிப் பட்டியலைப் பக்கத்தின் தலையில் வைப்பேன், கொடி இல்லாமல்.

3. பிஸ்வாஸ் தாதாவிடம் போய் தளத்தை வங்காளத்தில் திறந்து காட்டுவேன். சிரிப்பார். நிற்பேன்.

4. மன்னாரிலிருந்து பேசிய அந்தப் பெரியவருக்கு மார்ச்சிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. 'பொருந்தும் ஐயா' என்று என் குரலில் சொல்வேன்.

5. அம்மாவைத் திரும்பி வா என்று கேட்க மாட்டேன். அவள் ஒரு தடவை 'வா' என்றாளே, அந்த அழைப்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்றால் சரி என்பேன், விளக்கம் கேட்க மாட்டேன்.

6. நீ முப்பத்திரண்டு ஆகும்வரை காத்திருக்க மாட்டேன். இன்றைக்கே இதை நானே வாசித்துப் பதிவு செய்து உனக்கு அனுப்புவேன். பாதி புரியும், பாதி புரியாது. நீ எவ்வளவு தூரம் கேட்டாய், எந்த இடத்தில் நிறுத்தினாய் என்று பார்க்க மாட்டேன்.